சீப்பு, தீப்பெட்டி, தகரக் குவளை: பூர்வகுடி முதியோரின் மறதியை அளப்பது எப்படி

ஒரு சீப்பு, ஒரு தீப்பெட்டி, ஒரு தகரக் குவளை, மூடி போட்ட ஒரு தண்ணீர் பாட்டில். கூடவே ஐந்து படங்கள், வெள்ளைத் தாள், பென்சில். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கிற கிம்பர்லி வட்டாரத்தில், ஒரு பூர்வகுடிப் பெரியவருக்கு மறதி நோய் (டிமென்ஷியா) இருக்குமோ என்று பார்க்கப் போகிறவரின் பையில் இவ்வளவுதான் இருக்கும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும் கேள்வி அதில் கிடையாது. இன்றைக்கு என்ன தேதி என்றும் கேட்பதில்லை.

இந்தச் சோதனைக்குப் பெயர் கிக்கா. கிம்பர்லி பூர்வகுடியினர் அறிதிறன் மதிப்பீடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. டினா லோஜூடிசே, கேட் ஸ்மித், லியான் ஃப்ளிக்கர் முதலான ஆய்வாளர்கள் கிம்பர்லி ஊர்க்காரர்களோடும் அங்குள்ள பூர்வகுடி சுகாதார அமைப்புகளோடும் சேர்ந்து உருவாக்கினார்கள். 2006இல் ஆய்விதழில் வெளிவந்தது. பூர்வகுடி முதியோரின் மறதி நோய் பற்றிப் பிற்பாடு ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் நடந்த பல வேலைகளுக்கு இந்தப் பைதான் அடிப்படை. அதனால் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

உலகமெங்கும் பழக்கத்தில் இருந்த சோதனை எம்.எம்.எஸ்.இ. 1975இல் வந்தது, மொத்தம் 30 மதிப்பெண். வருடம், மாதம், தேதி, கிழமை, எந்த மாடியில் இருக்கிறோம் என்று கேட்கும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்து வளர்ந்து, பள்ளிக்கூடமே போகாமல், ஆங்கிலத்தை மூன்றாவது நான்காவது மொழியாகப் பேசுகிற ஒருவரிடம் இதை நீட்டினால் என்ன ஆகும்? நல்ல நினைவோடு இருப்பவரும் பாதியைக் கோட்டை விடுவார். இது ஒரு பக்கப் பிழை. மறுபக்கப் பிழை இதைவிட மோசம். ‘இவங்க எல்லாருமே குறைச்சலாத்தான் வாங்குவாங்க’ என்று மருத்துவமனை பழகிப்போய்விடும். நிஜமாகவே மறதி நோய் வந்தவரின் குறைந்த மதிப்பெண்ணை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நம்மூரில் ஒரு பாட்டியிடம் தேதி கேட்டுப் பாருங்கள். ‘ஆடி மூணாம் வெள்ளி’ என்பார். ஆங்கிலத் தேதிக்கு வைத்த கட்டத்தில் அது பூஜ்யம். காலத்தை அறிந்திருக்கிறாரா என்ற உண்மையான கேள்விக்கு அது முழு மதிப்பெண். கிக்கா இரண்டாவது கேள்வியைக் கேட்கிறது.

காலம் பற்றி அது கேட்கும் ஒரு கேள்வி: ‘இது பணம் வர்ற வாரமா, வராத வாரமா?’ ஆஸ்திரேலியாவில் அரசு ஓய்வூதியம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிறது. பணம் வரும் வாரத்தில் ஊர்க்கடை நிரம்பி வழியும், வராத வாரம் வெறிச்சோடும். ஊரே அந்தத் தாளத்தில் இயங்குவதால், இதை மறந்தவர் உண்மையிலேயே எதையோ இழந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்த கேள்வி, வருடத்தின் எந்தப் பருவம் இது. இங்கே சோதிப்பவருக்கும் அறிவு தேவை. ப்ரூம் நகரைச் சுற்றியுள்ள யாவுரு மக்களுக்கு ஒரு வருடத்தில் ஆறு பருவங்கள். மழைக்காலம் மன்-கலா, குளிர்காலம் பார்கனா. அவை போக இன்னும் நான்கு உண்டு. ‘லாஜா’ என்று ஒருவர் சொன்னால், அது ஒரு பருவத்தின் பெயர் என்று தெரியாத செவிலியர் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுவிடுவார். ஆகவே சோதனைக்குப் போகும் முன் உள்ளூர்ப் பருவப் பெயர்களை எழுதி விடைத்தாளோடு இணைத்துக்கொள்ள வேண்டும். இது ஐந்து நிமிட வேலை. பலர் செய்வதில்லை.

மொத்தம் 39 மதிப்பெண். காலமும் இடமும் அறிதல் 3. சீப்பு, குவளை, தீப்பெட்டி இவற்றை அடையாளம் கண்டு பெயர் சொல்லுதல் 5. காட்டிய பொருள்களைத் திருப்பிச் சொல்லுதல் 3. சொன்னதைப் புரிந்து செய்தல் 3. ஒரு நிமிடத்தில் வேட்டையாடும் விலங்குகளின் பெயர்களைச் சொல்லுதல் 3. பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி: சீப்பையும் தீப்பெட்டியையும் குவளையையும் அவர் கண்முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ‘அந்தச் சீப்பை எங்க வெச்சேன்?’ என்று கேட்பது. அதற்கு 3. ஐந்து படங்களுக்குப் பெயர் சொல்ல 5. பெருக்கலும் வட்டமும் மாறி மாறி வரும் வரிசையைப் பார்த்து எழுத 1. பார்த்த படங்களைப் பிறகு தானாக நினைவுகூர 5; படங்களைக் காட்டி ‘முன்னாடி பார்த்தது எது?’ என்று கேட்டால் கண்டுபிடிக்க 5. பாட்டிலைத் திறந்து குவளையில் தண்ணீர் ஊற்றுவது, சீப்பால் வாரிக் காட்டுவது போன்ற கைவேலைக்கு 3.

33 அல்லது அதற்குக் கீழே வந்தால் மறதி நோய் இருக்கக்கூடும்; அடுத்த கட்டப் பரிசோதனை தேவை. அவ்வளவுதான் அந்த எண்ணின் பொருள். அதை வைத்துக்கொண்டு ‘உங்க அப்பாவுக்கு டிமென்ஷியா’ என்று குடும்பத்திடம் சொல்லக் கூடாது. கூட இருந்து கவனிப்பவரிடம் கேட்கும் தனிக் கேள்வித்தாள் ஒன்றும் உண்டு. அதற்கு மொத்தம் 16. 3 அல்லது மேலே வந்தால் கவனிக்க வேண்டும். பெரியவருக்கு உடம்பு சரியில்லாமல் உட்கார முடியாத நாளில் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

எண்கள் எங்கே கெட்டுப்போகின்றன?

முதலில் காது. பூர்வகுடிக் குழந்தைகளிடம் நடுக்காது அழற்சி மிக அதிகம். அதன் விளைவு முதுமை வரை நீள்கிறது. கேள்வி சரியாகக் கேட்காதவரின் பதில் தப்பாகத்தான் இருக்கும். காதுக்குள் விளக்குப் போட்டுப் பார்த்து, குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிட்டு, கையடக்க ஒலிபெருக்கியும் செவிப்பொறியும் மாட்டிவிட்டுத்தான் முதல் கேள்வியைத் தொடங்க வேண்டும். கண்ணுக்கும் அதே கதை. 1.5, 2, 2.5, 3 என்று நான்கு எண்களில் மலிவான படிக்கும் கண்ணாடிகளைப் பையில் போட்டுக்கொண்டால், படப் பகுதியில் வீணாகும் மதிப்பெண்கள் மிச்சமாகும்.

இரண்டாவது, ‘ஆமாம்’. காவலர், அதிகாரி, மருத்துவர் என்று அதிகாரத்தோடு வருகிறவர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிடுவது, பல தலைமுறை அடக்குமுறையில் பிழைப்பதற்குக் கற்றுக்கொண்ட வழி. பூர்வகுடியினரின் ஆங்கிலத்தை ஆராய்ந்த மொழியியலாளர் டயானா ஈட்ஸ் இதை நீதிமன்றச் சாட்சியங்களில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ‘ராத்திரி தூக்கம் சரியா வருதா?’ என்றால் ஆமாம். ‘தூக்கமே வர்றதில்லையா?’ என்றாலும் ஆமாம். அதனால் ஆமாம்-இல்லை கேள்விகளைத் தவிர்த்து, ‘நேத்து ராத்திரி எப்படிப் போச்சு?’ என்று பேச்சாகத் தொடங்குவது நல்லது. மௌனத்தையும் அவசரப்பட்டு மூடக் கூடாது. பத்து வினாடி அமைதி அங்கே யோசிக்கும் நேரம்; கேள்வி கேட்பவருக்குத்தான் அது நெளியும் நேரம்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பவர். குடும்பத்து ஆளையே மொழிபெயர்க்க உட்கார வைத்தால் அன்பினால் விடையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். ‘அது தீப்பெட்டிதானே பாட்டி, சொல்லு’ என்பார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூலி கொடுத்து அழைக்க வேண்டும். சோதனைக்கு முந்தின நாளே அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியும் எதைப் பார்க்கிறது என்று விளக்க வேண்டும். உறவுமுறையும் குறுக்கே வரும். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக் கூடாத முறை பல பூர்வகுடிச் சமூகங்களில் உண்டு. தப்பான ஆளை எதிரே உட்கார வைத்தால் பெரியவர் வாயே திறக்க மாட்டார். தாளில் அது ‘பேச்சு குறைந்துள்ளது’ என்று பதிவாகும். ஆகவே ஆண் ஒருவர், பெண் ஒருவர், இருவரும் வேறு வேறு குடும்பம் என்று குறைந்தது இரண்டு உள்ளூர்ப் பணியாளர்களாவது வேண்டும். யாரோடு பேச விருப்பம் என்று பெரியவரையே கேட்க வேண்டும்.

நான்காவது, நாள். சாவு விழுந்த ஊரில் துக்கச் சடங்கு முடியும் வரை எந்த ஆய்வும் கிடையாது. ஒரு வாரம் ஆகலாம், பல வாரமும் ஆகலாம். கிம்பர்லியில் சிறுநீரக நோய் அதிகம். டயாலிசிஸ் முடித்துக் களைத்து வருகிறவரை அன்றைக்கே சோதித்தால் கிடைப்பது களைப்பின் அளவு. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, புது மாத்திரை இவற்றால் திடீரென்று வரும் குழப்பம் வேறு, மறதி நோய் வேறு. இரண்டு மூன்று நாளில் ஆள் மாறிவிட்டார் என்று வீட்டார் சொன்னால் கிக்கா பையை மூடி வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுவதுதான் முறை.

இவ்வளவையும் சரி செய்துகொண்டு அளந்தபோது கிடைத்த எண்கள் எல்லோரையும் உலுக்கின. ஆறு தொலைதூரச் சமூகங்களிலும் ஒரு நகரத்திலும் 45 வயது தாண்டிய 363 பேரைப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: 12.4 சதவீதத்தினருக்கு மறதி நோய். வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகும் ஆஸ்திரேலியப் பொதுக் கணக்கைப் போல 5.2 மடங்கு. 45 வயதிலிருந்து எண்ணத் தொடங்கியதை மிகை என்று நினைக்க வேண்டாம். முதியோர் பராமரிப்புச் சேவைக்கே அங்கே பூர்வகுடியினருக்கு வயது வரம்பு 50, மற்றவர்களுக்கு 65. அதே மக்களைச் சில வருடங்கள் கழித்துத் திரும்பப் பார்த்தபோது, 60 வயதுக்கு மேல் 1000 பேரை ஒரு வருடம் தொடர்ந்தால் 21 பேருக்குப் புதிதாக நோய் வருகிறது என்று கணக்கு வந்தது. உலகில் பதிவான மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது.

தொலைதூரத்தில் இருப்பதால்தானே, நகரத்தில் இருந்தால் சரியாகிவிடாதா என்று தோன்றும். நியூ சவுத் வேல்ஸில் சிட்னியையும் வடகரையோர ஊர்களையும் சேர்ந்த ஐந்து பூர்வகுடிச் சமூகங்களில் 60 வயது தாண்டிய 336 பேரிடம் நடந்த ஆய்வு, வயதைச் சரிக்கட்டி 21 சதவீதம் என்றது. ஆஸ்திரேலியாவின் வடக்கே டாரஸ் நீரிணைத் தீவுகளில் 45 வயது தாண்டிய 274 பேரில் 14.2 சதவீதம். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 2009இன் அரசு மருத்துவப் பதிவுகளை மட்டும் வைத்துப் பார்த்தபோதே, முதற்குடியினரிடம் (கனடாப் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினர்) 1000க்கு 7.5, மற்றவர்களிடம் 5.6. பதிவுக்குள் வந்தவர்கள் மட்டும்தான் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

காரணங்களில் பாதி உலகறிந்தது: பக்கவாதம், நீரிழிவு, இரத்த அழுத்தம், புகை, தலைக்காயம், காது, படிப்பின்மை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் மாற்றத்தக்க 14 காரணிகளைப் பட்டியலிட்டு, கொள்கையளவில் 45 சதவீத மறதி நோயைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ இடமுண்டு என்றது. அந்தப் பட்டியலை எடுத்துப் பூர்வகுடி ஊர் ஒன்றின் மேல் வைத்தால் கிட்டத்தட்ட எல்லாக் கட்டத்திலும் குறி விழும். இன்னொரு பாதியைப் பட்டியல் சொல்லவில்லை. சிட்னி ஆய்வு சொன்னது. சிறுவயதில் பட்ட துன்பம் எவ்வளவு அதிகமோ, முதுமையில் மறதி நோயின் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். குழந்தைகளைத் தாயிடமிருந்து அரசே பிரித்துக்கொண்டுபோன கொள்கை சுமார் 1970 வரை நீடித்தது. இன்று 60, 70 வயதில் இருப்பவர்கள் அந்தக் குழந்தைகள்.

இது வெறும் தகவலாக நின்றுவிடாது, நேர்காணலின் வரிசையையே மாற்றும். சிறுவயது பற்றிய கேள்வித்தாளை முதல் சந்திப்பில் நீட்டக் கூடாது. தாளைத் தொடும் முன் ‘இதுக்குப் பதில் சொல்லாம விடலாம்’ என்று சொல்லிவிட வேண்டும். பேசி முடித்த அன்று மாலையே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்; அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒப்புதல் படிவத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் இந்த நேர்காணலை வைத்துக்கொண்டு, சனி ஞாயிறு ஆலோசகர் இல்லாத ஊரில் பெரியவரை விட்டுவிட்டு வருவது கொடுமை.

கனடாவுக்குப் போவோம். ஒன்டாரியோவின் ஹியூரன் ஏரியில் மானிட்டூலின் தீவு இருக்கிறது. அங்குள்ள அனிஷினாபே மக்களோடு கிறிஸ்டன் ஜாக்லின், ஜெனிஃபர் வாக்கர், மெகன் ஓ’கானல் முதலானோர் நீண்ட காலம் வேலை செய்தார்கள். அவர்கள் கிக்காவை எடுத்துக் கனடாவுக்கு ஏற்றபடி மாற்றியதுதான் சிகா; கனடா பூர்வகுடியினர் அறிதிறன் மதிப்பீடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 2020இல் அது உருவான விதத்தை வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கனடாவுக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனால் போதாதா, ஏன் இத்தனை வருடம்? முதல் காரணம் படங்களிலேயே தெரியும். கிக்காவில் முதலையும் ஈமு கோழியும் இருக்கின்றன. பனி பெய்யும் தீவில் அவை எதற்கு?

மொழிதான் பெரிய வேலை. அனிஷினாபேமோவின் மொழியில் பெயர்ச்சொற்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என இரண்டு வகை. அதற்கேற்ப வினைச்சொல் மாறும். நம் உயர்திணை, அஃறிணை போல என்று தோன்றும். ஆனால் கோடு வேறு இடத்தில் ஓடுகிறது: கல்லும் முரசும் அங்கே உயிருள்ள வகை. ‘இதைக் காட்டு’, ‘அதை எடு’ என்ற எளிய கட்டளைகூடப் பொருளுக்குப் பொருள் வேறு வினை கேட்கும். ஒருவர் மொழிபெயர்க்க, இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப, இரண்டும் பொருந்தினால் சரி என்பது வழக்கமான முறை. அந்த முறையில் பிடிபடாத பிழை ஒன்று உண்டு. ஆங்கிலத்தை அச்சு அசலாகப் பின்தொடரும் பெயர்ப்பு, திருப்பும்போது அழகாகப் பொருந்தும். ஆனால் தீவில் ஒரு பாட்டி அப்படிப் பேசவே மாட்டார். இதற்கு மருந்து, மொழி நன்கு தெரிந்த பெரியவர்கள் குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதுதான். சிகாவுக்கு அப்படி ஒரு மொழி வல்லுநர் குழு இருந்தது. அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு ஆலோசகர் ஊதியம் கொடுக்க வேண்டும். தேநீரும் நன்றியும் போதாது.

நோயைப் பற்றிய எண்ணமும் வேறு. அனிஷினாபே பெரியவர்கள் பலர் மறதியை, வாழ்க்கை வட்டம் முழுமையாகி மீண்டும் குழந்தைப் பருவத்துக்குத் திரும்புவதாகப் பார்க்கிறார்கள். இறந்தவர்களைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால், மருத்துவர் அதை மாயத்தோற்றம் என்று குறிப்பார். வீட்டார், ஆவியுலகத்தை நெருங்குகிறார் என்று அமைதியாக ஏற்பார்கள். இந்தப் பார்வையினால் பெரியவரை ஒதுக்காமல் வைத்துக்கொள்கிறார்கள், அது நல்லது. ஆனால் இதை ரொம்பவும் மெச்சிக்கொள்வதும் ஆபத்து என்பது என் கருத்து. ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடுவதில், சரிசெய்யக்கூடிய தைராய்டு குறையும் பி12 குறையும் மனச்சோர்வும் சேர்ந்து மூடிப்போகின்றன. விளக்கத் தாள் எழுதும்போது இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும்: வட்டம் முழுமையாவது உங்கள் நம்பிக்கை, அதைத் தொட மாட்டோம், ஆனால் இந்த ஐந்து அறிகுறி இருந்தால் ஒரு இரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள்.

சேர்ந்து செய்யும் ஆய்வு என்ற பேச்சு வந்தாலே சந்தேகத்தோடு பார்ப்பதற்குச் சமூகங்களுக்கு நியாயம் இருக்கிறது. அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் மக்களிடம் 1990இலிருந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்தம் எடுத்தார்கள். மக்கள் புரிந்துகொண்டது, நீரிழிவுக்காக என்று. அந்த இரத்தம் மனச்சிதைவு, நெருங்கிய உறவுத் திருமணம், ஆதி இடப்பெயர்ச்சி ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் போனது 2003இல்தான் தெரியவந்தது. 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7,00,000 டாலர் கொடுத்து, மாதிரிகளையும் திருப்பித் தந்தது. ஒப்புதல் படிவத்தில் ‘எதிர்கால ஆய்வுகளுக்கும்’ என்று ஒரு வரியைச் சும்மா சேர்க்கிற ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும்.

கனடா முதற்குடியினர் 1998இல் ஓகாப் என்ற நான்கு விதிகளை வகுத்தார்கள்: தரவு எங்களுடையது, கட்டுப்பாடு எங்களிடம், எப்போது வேண்டுமானாலும் பார்க்கும் உரிமை எங்களுக்கு, கையிருப்பும் எங்களிடம். நான்காவதில்தான் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தடுக்கி விழும். உரிமை உங்களுடையதுதான், ஆனால் கணினி எங்களுடையது என்பார்கள். ஆகவே ஒப்பந்தத்தில் சில விஷயங்கள் எழுத்தில் வர வேண்டும். கோப்பு எந்தக் கணினியில் இருக்கும், கடவுச்சொல் யாரிடம், திட்டம் முடிந்து ஆய்வாளர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் கோப்பு எங்கே போகும், கட்டுரை வெளியாகும் முன் ஊர்க்குழு படிக்க எத்தனை நாள், ஊரின் பெயரைப் போடலாமா கூடாதா, குழு வேண்டாம் என்றால் என்ன நடக்கும். கடைசிக் கேள்விக்கு ‘பேசித் தீர்ப்போம்’ என்று எழுதியிருந்தால் அது பதில் அல்ல. சின்ன ஊருக்கு இன்னொரு விதியும் தேவை. அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைவான கட்டத்தை அச்சிடக் கூடாது. 80 வயது தாண்டிய ஆண்கள் மூன்று பேர்தான் என்றால், ‘இருவருக்கு நோய்’ என்பது பெயர் சொன்ன மாதிரிதான்.

போகும் வழியும் முறையாக இருக்க வேண்டும். முதலில் கடிதம் போவது ஊர்க்குழுவுக்கும் சமூகமே நடத்தும் மருத்துவமனைக்கும். ஆய்வுக் கேள்வியை முடிவு செய்த பிறகு போகும் கடிதத்துக்கு ஆலோசனை என்று பெயர் வைக்கக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி சுகாதாரத்துக்கென்றே தனி நெறிமுறைக் குழு உண்டு. பல்கலைக்கழகக் குழுவின் அனுமதியோடு அதன் அனுமதியும் வேண்டும். கிம்பர்லியில் வட்டார அளவில் இன்னொரு துணைக்குழுவும் பார்க்கும். முதல் நேர்காணலுக்கு முன் ஒரு முழு வருடத்தை இதற்கென்றே ஒதுக்காதவர்கள் மூன்று வருட நிதியில் இரண்டாவது வருடக் கடைசியில்தான் முதல் பெரியவரைப் பார்ப்பார்கள். அதன் பிறகு வரும் அவசரத்தில் மேலே சொன்ன எல்லாப் பிழைகளும் ஒன்றாக நடக்கும்.

அனிஷினாபே பெரியவரிடம் அறிவு கேட்டுப் போகும்போது புகையிலை கொடுப்பது வழக்கம். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டால் சம்மதம். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற நமக்கு இது புரியும். பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவுக்குப் புரியாது. புகையிலைச் செலவை ஏற்க மறுப்பார்கள். நிதி விண்ணப்பத்திலேயே அதற்கு ஒரு வரி போட்டுவிட்டால் பின்னால் கெஞ்ச வேண்டியதில்லை. பெரியவருக்கான மதிப்பூதியம், கூட வருகிறவருக்கான சாப்பாடு, வண்டிக்கு எண்ணெய், மொழிபெயர்ப்பாளர் கூலி, உள்ளூர்ப் பணியாளரின் முழு வருடச் சம்பளம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். கிம்பர்லி தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் பரப்பு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையில் பல சாலைகள் துண்டிக்கப்படும். எண்ணெய்க்குப் போட்ட கணக்கு எப்போதும் போதாது.

அளந்தாயிற்று, அப்புறம் என்ன என்பதுதான் ஊர் கேட்கும் கேள்வி. நோய் என்று சொல்லிவிட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நகரத்து முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டால், தன் நிலத்தை விட்டுப் பிரிந்த பெரியவர் இன்னும் வேகமாகத் தளர்ந்துபோவார் என்று குடும்பங்கள் அஞ்சுகின்றன. அதனால் நல்வாழ்வை அளப்பதற்கும் தனிக் கருவி வேண்டியிருந்தது. பெர்த்திலும் மெல்போர்னிலும் பூர்வகுடி முதியோரோடு பேசி உருவாக்கியது ‘நல்ல ஆன்மா, நல்ல வாழ்வு’ என்று பொருள்படும் பெயருள்ள கேள்வித்தாள். பன்னிரண்டு கேள்விகள்: குடும்பம் நட்பு, சமூகம், பண்பாடு, உடல்நலம், மரியாதை, பெரியவர் என்ற பொறுப்பு, சேவைகள், பாதுகாப்பு, ஆன்மிகம், எதிர்காலத் திட்டம், அடிப்படைத் தேவை, நிலம். மருந்து என்ற சொல்லே அதில் தலைப்பாக இல்லை. இதைக் கேட்டுவிட்டு, ‘நிலம்’ என்பதில் குறைவாக வந்தவரை மாதம் ஒரு முறை வண்டியில் ஏற்றிக்கொண்டு சொந்த இடத்துக்குக் கூட்டிப்போவது என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதலாம். எழுதினால், வண்டியும் ஓட்டுநரும் யார் தருவது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும்.

முடிவைத் திருப்பிக் கொடுப்பதில் மூன்று அடுக்கு. பெரியவருக்கும் அவர் சொன்ன உறவினருக்கும் நேரில், சில வாரங்களுக்குள். ஊர் மருத்துவமனைக்கு, சம்மதித்தவர்களின் தாள் மட்டும். ஊருக்கு, பெயரில்லாமல், ஒரு பொது விருந்தில். பெரிய எழுத்து, படம், பேச்சு. ஆய்விதழ்க் கட்டுரைக்கு முன்னால் இது நடக்க வேண்டும். ஊர் தன்னைப் பற்றிய எண்ணைச் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை அந்தச் சீப்பும் தீப்பெட்டியும் பையிலேயே கிடக்கும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. விளக்கச் சுவரொட்டியில் உள்ளூர்ப் பெரியவர்களின் முகங்களைப் போடுவது நன்றாக வேலை செய்யும். ஆனால் பல பூர்வகுடிச் சமூகங்களில் இறந்தவரின் பெயரையும் படத்தையும் துக்கக் காலத்தில் காட்டக் கூடாது. அதனால் யார் படம் எந்தச் சுவரொட்டியில், எந்த மருத்துவமனைச் சுவரில், எந்தக் கையேட்டின் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். ஒருவர் இறந்த செய்தி தொலைபேசியில் வந்த அன்றே அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எப்போது திரும்ப மாட்டலாம் என்பதைக் குடும்பம் சொல்லும்.